எஸ்டிமேட்டுக்குக் கட்டணம் கேட்கிறார்களே, கொடுக்கலாமா?

கேள்வி: பழைய வீட்டின் குளியலறையையும் சமையலறையையும் புதுப்பிக்க மூன்று கான்ட்ராக்டர்களிடம் எஸ்டிமேட் கேட்டேன். இரண்டு பேர் பத்து நிமிடம் சுற்றிப் பார்த்துவிட்டு மறுநாளே ஒரு தொகையை எழுதி அனுப்பிவிட்டார்கள். மூன்றாமவர், வரி வரியாகப் பிரித்த எஸ்டிமேட் வேண்டுமானால் அதற்குத் தனிக் கட்டணம் என்கிறார். வேலையே இன்னும் கொடுக்கவில்லை, அதற்குள் எதற்குக் காசு?

பதில்: கொடுக்கலாம். ஆனால் அந்தக் காசுக்கு என்னென்ன கையில் வரும் என்பதை முதலில் எழுத்தில் வாங்கிக்கொண்டு கொடுங்கள். என்னென்ன கேட்க வேண்டும் என்பதைப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன், உங்களுக்கு வந்த அந்த இரண்டு தாள்களும் மூன்றாமவர் தரப்போவதும் ஒரே பெயரில் வழங்கும் வேறு வேறு பொருள்கள் என்பதைப் பார்த்துவிடுவோம்.

மறுநாளே வந்த தொகை, சதுர அடிக்கு இவ்வளவு என்று பழகிய ஒரு விலையைப் பரப்பளவால் பெருக்கி, சுவரின் வயதைப் பார்த்துக் கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ எழுதியது. அனுபவசாலி எழுதினால் அது நல்ல ஊகமாக இருக்கும். ஆனாலும் ஊகம்தான். செலவுக் கணிப்பையே தொழிலாகக் கொண்டவர்களின் அமைப்பான ஏஏசிஇ இன்டர்நேஷனல், தொழிற்சாலைத் திட்டங்களுக்காக எஸ்டிமேட்டை ஐந்து வகுப்பாகப் பிரித்திருக்கிறது. விவரமே சேராத நிலையில் போடும் ஐந்தாம் வகுப்பில், உண்மைச் செலவு கணித்ததைவிட 30 முதல் 100 சதவீதம் வரை மேலே போகலாம். 20 முதல் 50 சதவீதம் வரை கீழேயும் இறங்கலாம். எல்லாம் தீர்மானித்து அளந்து போடும் முதல் வகுப்பில் மேலே 3 முதல் 15, கீழே 3 முதல் 10. வீட்டு வேலைக்கு இந்த எண்களை அப்படியே எடுத்துப் பொருத்த முடியாது. ஆனால் விவரம் கூடக் கூட வீச்சு குறுகும் என்ற சங்கதி எந்தக் கட்டுமானத்துக்கும் பொருந்தும். மூன்றாமவர் விற்பது அந்தக் குறுகலைத்தான்.

அதற்கு அவருக்கு எவ்வளவு நேரம் போகும்? ஒரு குளியலறை, ஒரு சமையலறை என்று வைத்துக்கொள்ளுங்கள். அளவெடுக்க இரண்டு மூன்று மணி நேரம். தட்டிப் பார்த்து, திறந்து பார்த்துச் சோதிக்க அரை நாள். அளவிலிருந்து பொருள்கணக்கு எடுக்க நான்கைந்து மணி. பிளம்பர், எலக்ட்ரீஷியன், தச்சர், கல் பதிப்பவர் என்று ஒவ்வொருவரையும் வரவழைத்துத் தனித்தனி விலை வாங்க வேண்டும். அவர்கள் சொன்ன நாளில் பதில் தருவதும் அரிது. பிறகு உட்கார்ந்து எழுத மூன்று மணி. மொத்தம் பதினைந்து இருபது மணி நேர வேலை. ஐந்து வீட்டுக்கு எஸ்டிமேட் போட்டால் ஒரு வீடுதான் வேலையாக மாறும் என்றால், அந்த ஒரு வீட்டுக்காரர் மற்ற நான்கு பேருக்கான உழைப்பையும் சேர்த்துத் தன் பில்லில் கட்டுகிறார். இலவசமாக வந்த எஸ்டிமேட்டுக்கும் எங்கோ யாரோ பணம் தந்திருக்கிறார்கள்.

பெரும்பாலும் நடப்பது வேறு. இலவசம் என்றால் அந்த உழைப்பையே யாரும் போடுவதில்லை. திறந்து பார்க்காத சுவருக்கு விலை சொல்ல இரண்டு வழிதான் உண்டு. ஒன்று, என்ன வந்தாலும் தாங்கட்டும் என்று கூட்டி எழுதுவது. சுவருக்குள் ஒன்றுமே இல்லை என்று தெரிந்தாலும் அந்தக் கூடுதலை நீங்கள் கொடுத்தாக வேண்டும். மற்றொன்று, கண்ணுக்குத் தெரிவதற்கு மட்டும் விலை போட்டு, இடித்த பிறகு தெரிவதையெல்லாம் ‘எக்ஸ்ட்ரா’ கணக்கில் சேர்ப்பது. மூன்று தாள்களை அருகருகே வைத்துப் பார்க்கும் வீட்டுக்காரர் கண்ணுக்கு இரண்டாவதுதான் மலிவாகத் தெரியும். வேலை அப்படி எழுதியவருக்குப் போகும். பாதி இடித்துப்போட்ட குளியலறையை வைத்துக்கொண்டு விலை பேச யாராலும் முடியாது. அவர் ஏமாற்றுக்காரராக இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை; கேட்ட முறையே அப்படி எழுதத் தூண்டுகிறது.

விரிவாகப் போடும்போது என்ன மாறுகிறது என்று ஒரு குளியலறையை வைத்துப் பார்ப்போம். 8 அடிக்கு 5 அடி. ஒரு மூலையில் இரண்டரை அடி கதவு. சுவரில் 7 அடி உயரம் டைல்ஸ், அளவு 600க்கு 300 மில்லிமீட்டர்.

பரப்பளவுக் கணக்கு எளிது. சுற்றளவு 26 அடி, உயரம் 7, பெருக்கினால் 182. கதவு 17.5 சதுர அடியைக் கழித்தால் 164.5. அது 15.3 சதுர மீட்டர். ஒரு டைல் 0.18 சதுர மீட்டர். ஆக 85 டைல்ஸ், சேதாரம் 10 சதவீதம் சேர்த்தால் 94. பெட்டிக்கு ஆறு என்றால் 16 பெட்டி. தாளில் இது சரிதான்.

சுவரில் வைத்துப் பாருங்கள். டைலைப் படுக்கைவாட்டில் ஒட்டினால் ஏழு வரிசைக்கு 2100 மில்லிமீட்டர், இணைப்பு ஒவ்வொன்றும் 2 மில்லிமீட்டர் வீதம் ஏழு, ஆக 2114. 7 அடி என்பது 2134. மேலே மீதி 20 மில்லிமீட்டர். அறையைச் சுற்றி ஒரு விரல் அகல நாடா வெட்டி ஒட்ட வேண்டும். வெட்டும்போதே பாதி உடையும். ஒட்டி முடித்தாலும் பார்க்க அசிங்கமாக இருக்கும். டைல்ஸ் உயரம் 2114 என்று எஸ்டிமேட்டிலேயே எழுதிவிட்டால் அந்தப் பேச்சே வராது.

அதே டைலை நெட்டுக்கு நிறுத்தி ஒட்ட ஆசைப்பட்டால் கணக்கு தலைகீழாகும். இருபுறமும் சமமான வெட்டு வரும்படி வைத்தால் 8 அடிச் சுவர் ஒவ்வொன்றிலும் 9 நெடுவரிசை, கதவில்லாத 5 அடிச் சுவரில் 6, கதவுச் சுவரில் 3. மொத்தம் 27. ஒவ்வொரு நெடுவரிசையிலும் மூன்று முழு டைல், இணைப்போடு 1806 மில்லிமீட்டர். மேலே இன்னும் 328 தேவை. 600 டைலில் 328 வெட்டிவிட்டால் எஞ்சும் துண்டு 270 சொச்சம். அடுத்த நெடுவரிசைக்கு எட்டாது. ஆக ஒவ்வொன்றுக்கும் நான்கு டைல், மொத்தம் 108. பரப்பளவுக் கணக்கில் வாங்கிய 16 பெட்டியில் இருப்பது 96. கடைசிச் சுவரில் டைல்ஸ் தீர்ந்துபோகும். திரும்பக் கடைக்குப் போனால் அதே பேட்ச் கிடைப்பது நிச்சயமில்லை, நிறத்தில் ஒரு இழை வித்தியாசம் காட்டும். உயரத்தை 30 மில்லிமீட்டர் மட்டும் குறைத்து 2104 என்று வைத்தால், ஒரு டைலைச் சரிபாதியாக வெட்டி இரண்டு நெடுவரிசைக்குப் போடலாம். நெடுவரிசைக்கு மூன்றரை. 95 டைலில் வேலை முடியும், உடைவுக்கு ஒரு பெட்டி சேர்த்தால் போதும். இந்த 30 மில்லிமீட்டரைக் கண்டுபிடிக்க யாராவது தாளில் சுவரை வரைந்து பார்த்திருக்க வேண்டும். பத்து நிமிடம் சுற்றிப் பார்த்தவரால் அது முடியாது.

வாட்டர்ப்ரூஃபிங்கிலும் இதே கதை. ஒரு வரித் தாளில் தரைப் பரப்பு 40 சதுர அடி என்று வைத்துவிடுவார்கள். சரியாகச் செய்தால் தரையிலிருந்து சுவரில் ஓர் அடி ஏற்ற வேண்டும், கதவு போக அது 23.5. ஷவர் மூலையில் இரண்டு பக்கமும் மூன்று மூன்று அடி அகலத்துக்கு 6 அடி உயரம் போக வேண்டும், அந்த ஓர் அடி போக மேலும் 30. ஆக 93.5 சதுர அடி. எழுதியதைவிட இரண்டு மடங்குக்கு மேல். அதுவும் இரண்டு கோட். பிறகு 24 மணி நேரம் தண்ணீர் தேக்கிச் சோதனை. இதில் எதை விட்டாலும் முதல் நாள் தெரியாது. ஓரிரு ஆண்டுக்குப் பிறகு கீழ்த்தளத்துக் கூரையில்தான் தெரியும். எனவே எஸ்டிமேட்டில் பரப்பளவு, கோட் எண்ணிக்கை, சோதனை மூன்றும் தனித்தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். தரை வாட்டமும் எண்ணில் இருக்கட்டும்: மீட்டருக்கு 10 முதல் 20 மில்லிமீட்டர், தண்ணீர் வடியும் ட்ராப் இருக்கும் பக்கம் நோக்கி.

இடிபாட்டை அனேகமாக எல்லாருமே மறந்துபோகிறார்கள். இதே அறையில் சுவர் டைலும் அதன் பின்னாலுள்ள கலவையும் சேர்ந்து 25 மில்லிமீட்டர் கனம் என்றால் 0.38 கன மீட்டர். தரையில் 75 மில்லிமீட்டர் பெயர்த்தால் 0.28. மொத்தம் 0.66 கன மீட்டர், எடை சுமார் 1.3 டன். 25 கிலோ மூட்டையாகக் கட்டினால் ஐம்பதுக்கு மேல் வரும். இடித்ததும் உப்பிப்போய் ஏறக்குறைய ஒரு கன மீட்டர் இடத்தை அடைக்கும். மூன்றாம் மாடியில் லிஃப்ட் இல்லாத வீடு என்றால், அந்த ஐம்பது மூட்டையை யாரோ தோளில் இறக்க வேண்டும். ‘இடித்து அகற்றுதல்’ என்ற இரண்டு சொல்லில் அகற்றுவது வாசல் வரையா, வண்டியில் ஏற்றிக் கொட்டும் இடம் வரையா என்பதில் பாதிச் சண்டைகள் பிறக்கின்றன.

இதுவரை சொன்னது கண்ணால் பார்த்து அளக்கக்கூடியவை. கட்டணத்தின் பெரும் பயன் கண்ணுக்குத் தெரியாததில்தான். விரிவான எஸ்டிமேட்டுக்கு வருபவர் டேப்போடு மட்டும் வரக்கூடாது. சிறு சுத்தியலால் டைலைத் தட்டிக்கொண்டே போக வேண்டும். பொக்கென்று ஒலிக்கும் இடங்களைக் குறிக்க வேண்டும். மூலைமட்டம் வைத்து மூலை நேராக இருக்கிறதா, தூக்குக்குண்டு விட்டுச் சுவர் சாய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மேலிருந்து கீழே 20 மில்லிமீட்டர் சாய்ந்த சுவரை நேராக்கப் பூச்சு தனியே வேண்டும், அறையும் அந்த அளவு சுருங்கும். சுருங்கிய இடத்தில் நீங்கள் ஏற்கெனவே வாங்கி வைத்த வாஷ்பேசின் அலமாரி உட்காராமல் போகலாம். ஷவருக்குப் பின்பக்கத்து அறைச் சுவரில் ஈரமானி வைத்துப் பார்க்க வேண்டும். மறைவான ஒரு மூலையில் இரண்டு டைலைப் பெயர்த்து, பழைய குழாய் என்ன உலோகம், எந்த நிலையில் இருக்கிறது என்று கண்ணால் பார்ப்பது எல்லாவற்றையும்விட முக்கியம். பழைய கால்வனைஸ்டு இரும்புக் குழாய் வெளியே திடமாகத் தெரிந்தாலும் உள்ளே துரு அடைத்து வழி பாதியாகியிருக்கலாம். அதோடு புதுக் குழாயை இணைத்து மேலே புது டைல்ஸ் ஒட்டினால், அடுத்த கசிவுக்கு அந்தப் புது டைல்ஸையே உடைக்க வேண்டியிருக்கும்.

கட்டடம் பழையதென்றால் இன்னும் இரண்டு. பழைய வினைல் தரையோடுகளிலும், சிமென்ட் ஷீட்டுகளிலும், குழாய் மேல் சுற்றிய உறையிலும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கக்கூடும். இடிப்பதற்கு முன் மாதிரி எடுத்து ஆய்வகத்தில் பார்ப்பதுதான் சரி. உடைத்த பிறகு தெரிந்தால் தூசு ஏற்கெனவே மூச்சில் போயிருக்கும். பழைய பெயின்ட்டில் ஈயமும் அப்படித்தான். சமையலறையைப் பெரிதாக்கச் சுவரை எடுக்க நினைத்தால், அது சுமை தாங்குகிறதா என்பதைக் கட்டமைப்புப் பொறியாளர்தான் சொல்ல வேண்டும். மெல்லிய சுவர் என்பதால் சுமை தாங்காது என்று கான்ட்ராக்டர் அடித்துச் சொன்னாலும் நம்பி இடிக்காதீர்கள். பொறியாளர் கட்டணம் எஸ்டிமேட்டில் தனி வரியாக இருக்கட்டும்.

சமையலறையில் மின்சாரம்தான் மறைந்திருக்கும் செலவு. 230 வோல்ட் இணைப்பில் 3 கிலோவாட் கருவி ஒன்று 13 ஆம்பியர் இழுக்கும். விளக்குக்காகப் போட்ட பழைய ஒயரில் அதைச் சேர்க்கக்கூடாது. மெயின் போர்டிலிருந்து தனி லைன் வர வேண்டும். போர்டில் காலி இடம் இருக்கிறதா, இல்லையென்றால் போர்டையே மாற்ற வேண்டுமா, லைன் எத்தனை மீட்டர், சுவரில் ஒயர் புதைக்கக் காடி எடுப்பது எத்தனை மீட்டர், காடியை அடைத்துப் பட்டி பார்த்து பெயின்ட் அடிப்பது யார் கணக்கில்? கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. எலக்ட்ரீஷியன் காடி எடுத்துவிட்டுப் போவார், கொத்தனார் கலவை வைத்து அடைப்பார், பெயின்டர் தன் எஸ்டிமேட்டில் அந்தச் சுவரே இல்லை என்பார். அலமாரிக்கு சதுர அடி விலை மட்டும் எழுதியிருந்தால் இழுப்பறை எத்தனை, கீல் எத்தனை, பின்பலகை என்ன கனம் என்று கேட்டு வாங்குங்கள். ஒரே முகப்பளவில் ஆறு இழுப்பறை வைத்த அலமாரியும் இரண்டு கதவு வைத்த அலமாரியும் ஒரே விலைக்கு வராது.

உங்கள் கையில் இருக்கும் இரண்டு தாள்களிலும் ‘டைல்ஸுக்கு ஒதுக்கீடு’, ‘ஃபிட்டிங்ஸுக்கு ஒதுக்கீடு’ என்று ஏதாவது வரி இருக்கிறதா பாருங்கள். மொத்தத் தொகையைக் குறைத்துக் காட்ட இதைவிடச் சுலபமான வழி கிடையாது. நீங்கள் கடையில் தேர்ந்தெடுக்கப்போகும் டைலின் விலை ஒதுக்கீட்டைப்போல் இரண்டு மடங்கு என்றால் வித்தியாசம் முழுவதும் உங்கள் தலையில். அந்த ஒதுக்கீடு வெறும் பொருளுக்கா, வரி, வண்டி வாடகை, ஒட்டும் கூலி சேர்த்தா என்பதும் எழுதியிருக்காது. கட்டணம் கொடுத்து வாங்கும் எஸ்டிமேட்டில் ஒதுக்கீடுகளே இருக்கக்கூடாது என்று சொல்லமாட்டேன். தீர்மானிக்காத ஒன்றிரண்டு எப்போதும் இருக்கும். ஆனால் பெரிய பொருள்களுக்கு அளவு, தரம், மாடல் வரை பெயர் சொல்லியிருக்க வேண்டும். அதற்கு நீங்களும் உழைக்க வேண்டும்: எஸ்டிமேட் எழுதும் முன்பே டைல்ஸ், கழிப்பிடம், குழாய்கள், கவுன்ட்டர் கல் இவற்றைத் தேர்ந்தெடுத்துக் கொடுங்கள். தண்ணீரைக் குழாய்க்கோ ஷவருக்கோ திருப்பிவிடும், சுவருக்குள் புதையும் டைவர்ட்டருக்கு எவ்வளவு ஆழம் வேண்டும் என்பது மாடலுக்கு மாடல் மாறும், அதைப் பொறுத்துத்தான் காடி.

இதே அளவு கவனமாகப் படிக்க வேண்டியது, எவையெல்லாம் இதில் அடங்காது என்ற பட்டியல். நல்ல எஸ்டிமேட்டில் இது நீளமாக இருக்கும், அதைக் கண்டு மிரளாதீர்கள். கதவடி சீவுவது ஓர் உதாரணம். பழைய தரையை எடுக்காமல் அதன் மேலேயே புது டைல்ஸ் ஒட்டினால் தரை 15 மில்லிமீட்டருக்கு மேல் உயரும். கதவு உரசும். அதைவிட மோசம், குளியலறைத் தரை வெளித் தரைக்கு மேலே போய்விட்டால் தண்ணீர் படுக்கையறைக்குள் வரும். வேலை நடக்கும்போது மற்ற அறைகளின் தரையை மூடிப் பாதுகாப்பது, தற்காலிகத் தண்ணீர், அனுமதிக் கட்டணம், முடிந்த பிறகு சுத்தம் செய்வது, ஒவ்வொன்றும் உள்ளேயா வெளியேயா என்று தெரிந்திருக்க வேண்டும்.

இப்போது கட்டணத்துக்கு வருவோம். எவ்வளவு நியாயம்? வேலைத் தொகையில் இத்தனை சதவீதம் என்பதைவிட மணிக்கணக்கே நேர்மையானது. எத்தனை மணி நேரம், மணிக்கு எவ்வளவு, யார் யார் வருவார்கள் என்று கேளுங்கள். சதவீதமாகக் கேட்டால் எஸ்டிமேட் பெரிதாகப் பெரிதாக அவருடைய கட்டணமும் பெரிதாகும். அந்த ஆசையை நீங்களே ஏன் கிளப்ப வேண்டும்? பணம் தருவதற்கு முன் ஒரு பக்க ஒப்பந்தம் போடுங்கள். அதில் கட்டாயம் இருக்க வேண்டியவை: அளவுகளோடு கூடிய வரைபடம், ஒவ்வொரு வேலைக்கும் அளவு, அலகு, பொருள் விலை, கூலி தனித்தனியாக, திறந்து பார்த்த இடங்களின் படங்கள், அடங்காதவற்றின் பட்டியல், வேலை எத்தனை நாள், எந்த வரிசையில், விலை எந்தத் தேதி வரை செல்லும், நீங்கள் மாற்றம் சொன்னால் எத்தனை முறை இலவசமாகத் திருத்தித் தருவார். மூன்று வாரத்துக்குள் தருவதாகச் சொன்னால் அந்தத் தேதியும்.

இவற்றோடு ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: அந்த ஆவணம் உங்களுடையது, அதை வைத்து வேறு யாரிடமும் விலை கேட்கலாம் என்று எழுதியிருக்க வேண்டும். சில கான்ட்ராக்டர்கள் தங்கள் விலைகளைப் போட்டியாளர் பார்ப்பதை விரும்பமாட்டார்கள், அது நியாயமான தயக்கம். அப்படியென்றால் விலை நிரப்பாத அளவுப்பட்டியல் ஒரு பிரதி தனியாகக் கேளுங்கள். உங்களுக்குத் தேவை அதுதான். மூன்று பேரும் ஒரே பட்டியலில் தங்கள் விலையை நிரப்பித் தரும்போதுதான் மலிவு எது, விட்டுப்போனது எது என்று பிரித்தறிய முடியும்.

வேலையைத் தந்தால் கட்டணத்தைக் கழித்துக்கொள்கிறேன் என்பார்கள். கழித்தால் சந்தோஷம். ஆனால் அதற்காகவே அவருக்கு வேலை கொடுக்காதீர்கள், கழிக்காதவரைக் கெட்டவர் என்றும் எண்ணாதீர்கள். செய்த வேலைக்குக் கூலி வாங்கியவர் அதைத் திருப்பித் தர வேண்டியதில்லை. என் கணிப்பில், கழிவு தராமல் ஆவணத்தை முழுமையாக ஒப்படைப்பவர், கழிவு தந்து ஆவணத்தைப் பிடித்துவைப்பவரைவிட மேல்.

வேலை செய்யப்போகிறவரே எஸ்டிமேட் போட்டால் தன் வசதிக்கு எழுதமாட்டாரா என்று நீங்கள் சந்தேகப்படலாம். சந்தேகம் சரி. சுவர்களை மாற்றுவது, தளம் சேர்ப்பது போன்ற பெரிய வேலைக்கு, கட்டுமானத்தில் பங்கில்லாத குவான்டிட்டி சர்வேயரிடமோ (பொருளளவும் செலவும் கணக்கிடுபவர்) கட்டடக் கலைஞரிடமோ அளவுப்பட்டியல் வாங்குவதே நல்லது. குளியலறை, சமையலறை அளவிலான வேலைக்கு, தினம் தினம் இடித்துக் கட்டுகிறவரின் கண் பல நேரம் அவர்களுடையதைவிடக் கூர்மை. எந்தச் சுவரில் என்ன வரும் என்று அவருக்குக் கைப்பழக்கத்தில் தெரியும். ஏற்கெனவே கட்டடக் கலைஞர் தயாரித்த விரிவான பட்டியல் உங்களிடம் இருந்தால், அதற்கு விலை நிரப்ப மட்டும் யாருக்கும் கட்டணம் கொடுக்காதீர்கள்.

பெயின்ட் அடிக்க, ஒரு குழாய் மாற்ற, கதவு மாற்ற, இதற்கெல்லாமும் கட்டணம் தேவையில்லை. என்ன வேண்டும் என்று உங்களுக்கே இன்னும் முடிவாகவில்லை என்றால் இப்போது வேண்டாம். முதலில் இலவச ஊகங்களை வாங்கிப் பட்ஜெட் எட்டுமா என்று பாருங்கள். அந்த இரண்டு தாள்களுக்கும் அங்கேதான் பயன். கட்டணம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வராமலே எழுதித் தருகிறேன் என்பவரிடம் எந்த நிலையிலும் வேண்டாம்.

எஸ்டிமேட்டைப் பார்க்கும்போது இன்னும் இரண்டைக் கவனியுங்கள். கூடுதல் வேலைக்கான விலைப்பட்டியல் ஒன்று: பூச்சு சதுர அடிக்கு, குழாய் மீட்டருக்கு, மின் பாயின்ட் ஒன்றுக்கு, கொத்தனார் நாளுக்கு, சித்தாள் நாளுக்கு. எவ்வளவு சோதித்தாலும் ஏதாவது ஒன்று இடித்த பிறகுதான் தெரியும், அப்போது எந்த விலையில் என்பது முன்பே முடிவாகியிருக்க வேண்டும். அடுத்தது எதிர்பாராச் செலவு. புதிதாகக் கட்டிய வீட்டுக்கு 10 சதவீதம், பழையதற்கு 15 முதல் 20 வரை ஒதுக்குவது நல்லது. ஆனால் அது உங்கள் கையில் இருக்க வேண்டிய பணம். கான்ட்ராக்டரின் மொத்தத்துக்குள் கலந்துவிட்டால் எதிர்பாராதது வராவிட்டாலும் திரும்பி வராது. அவருடைய நிர்வாகச் செலவும் லாபமும் தனி வரியாகத் தெரிந்தால் அதைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசத் தோன்றும். செலவின்மேல் 25 சதவீதம் சேர்த்தால் கடைசி விலையில் அது 20 சதவீதம்தான். அலுவலகம், வண்டி, வேலையில்லாத நாள், பின்னால் வந்து சரிசெய்து தருவது எல்லாம் அதிலிருந்துதான். அதை வெட்டினால் அவர் வேறெங்காவது வெட்டுவார், அனேகமாக வாட்டர்ப்ரூஃபிங்கில்.

எஸ்டிமேட் கைக்கு வந்ததும் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். டேப்பை எடுத்து மூன்று வரிகளை மட்டும் நீங்களே அளந்து பாருங்கள்: ஒரு சுவர் டைல், கவுன்ட்டர் நீளம், ஒரு மின் லைன். மூன்றும் சில சதவீத வித்தியாசத்தில் ஒத்துப்போனால் மற்றதையும் நம்பலாம். பிறகு ஆள்நாட்களை, அதாவது ஓர் ஆள் ஒரு நாளில் செய்யும் வேலையை, கூட்டி, சொன்ன நாட்களோடு ஒப்பிடுங்கள்; நாற்பது ஆள்நாள் வேலையை இரண்டு பேரை வைத்து பத்து நாளில் முடிப்பதாக எழுதியிருந்தால் இரண்டில் ஒன்று தவறு. பூச்சு காயவும், தண்ணீர் தேக்கவும், டைல்ஸ் ஒட்டி இணைப்பு நிரப்பும் வரை காத்திருக்கவும் நாள் விட்டிருக்கிறாரா என்றும் பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தால், விலை நிரப்பாத பிரதியை முதல் இருவருக்கும் அனுப்பி, தங்கள் தொகையை இந்த வரிகளில் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். ஒருவர் எழுதித் தருவார். மற்றவர் அனேகமாகத் திரும்ப அழைக்கமாட்டார். எழுதித் தந்தவருடைய இடிபாட்டு வரியையும் வாட்டர்ப்ரூஃபிங் வரியையும் முதலில் படியுங்கள்.